ஒரே வரியில் இரண்டு எண்கள்

(பாலசமுத்திரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்ததுமே பாதிப் பேர் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள். ‘இரு சமவாய்ப்பு மாறிகளின் உடன்மாறுபாடு’ என்று அச்சடித்தால் யார்தான் வருவார்கள்? கல்லூரியில் இதைக் கோவேரியன்ஸ் என்று படித்தவர்களுக்கும், தேர்வுக்கு முந்தின ராத்திரி உருப்போட்ட சூத்திரமாகத்தான் அது நினைவிருக்கும். சூத்திரம் கொஞ்சம் காத்திருக்கட்டும். பக்கத்து ஆயக்குடிக் கொய்யாவிலிருந்து தொடங்குகிறேன்.

சந்தைக்கு ஐந்து நாள் கொய்யா வருகிறது. வரத்து முறையே 2, 3, 4, 5, 6 டன். கிலோ விலை முறையே 50, 40, 35, 20, 15 ரூபாய். கணக்கு லேசாக வரட்டும் என்று நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. யாரும் இதைப் பார்த்து விலை பேசிவிட வேண்டாம். சராசரி வரத்து 4 டன். சராசரி விலை 32 ரூபாய். அப்படியானால் ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு பணம் புரண்டது? கணக்குத் தெரிந்த பையனைக் கேட்டால் நாலையும் முப்பத்திரண்டையும் பெருக்கி 1,28,000 ரூபாய் என்பான். இப்போது நாள் நாளாகப் பாருங்கள்: 1,00,000, 1,20,000, 1,40,000, 1,00,000, 90,000. மொத்தம் 5,50,000. ஐந்தால் வகுத்தால் 1,10,000.

பதினெட்டாயிரம் குறைகிறது. மண்டியில் கமிஷனாகப் பிடித்ததும் இல்லை, லாரி வாடகையில் போனதும் இல்லை. எந்த நாளிலும் யாருடைய பைக்கும் வராத பணம் அது. சரக்கு நிறைய வந்த நாளில் விலை படுத்துவிட்டது. விலை ஏறிய நாளில் விற்கச் சரக்கு இல்லை. இரண்டு சராசரிகளையும் தனித்தனியாக எடுத்தவுடன் இந்தச் செய்தி கணக்கிலிருந்து நழுவிவிட்டது. பெருக்கற்பலன்களின் சராசரியிலிருந்து சராசரிகளின் பெருக்கற்பலனைக் கழித்தால் கிடைப்பதுதான் உடன்மாறுபாடு. இங்கே அது 110 கழித்தல் 128, அதாவது −18 ஆயிரம் ரூபாய்.

சூத்திரம் அவ்வளவுதான். பாடப்புத்தகம் இதையே வேறு வாசல் வழியாகச் சொல்லும்: ஒவ்வொரு எண்ணும் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார், விலகல்களை நாள்வாரியாகப் பெருக்கு, சராசரி எடு. வரத்தின் விலகல்கள் −2, −1, 0, 1, 2. விலையின் விலகல்கள் 18, 8, 3, −12, −17. பெருக்கினால் −36, −8, 0, −12, −34; கூட்டினால் −90; ஐந்தால் வகுத்தால் அதே −18. நடந்து முடிந்த ஐந்து நாளைப் பற்றி மட்டும் பேசினால் ஐந்தால் வகுப்பது சரி. அந்த ஐந்து நாளை மாதிரியாக வைத்துக்கொண்டு சந்தையின் பொதுவான போக்கை மதிப்பிட வேண்டுமென்றால் நான்கால் வகுப்பார்கள். அப்போது −22.5 வரும். சராசரியையும் அதே மாதிரியிலிருந்தே எடுத்துவிட்டதால் விலகல்கள் உண்மையைவிடச் சற்றுச் சிறிதாக விழுகின்றன. அதைச் சரிக்கட்டத்தான் ஒன்று குறைத்து வகுப்பது. மாணவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி என்பதால் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

அலகைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடன்மாறுபாட்டுக்குப் பொருள் விளங்கும் அலகு கிடையாது, ஆகவே உடனே ஒட்டுறவுக் கெழுவுக்குப் போய்விடு என்று வகுப்பில் அவசரப்படுத்துவார்கள். இரண்டு திட்ட விலக்கங்களால் வகுத்துவிட்டால் அலகு மறைந்து, −1 முதல் +1 வரைக்குள் ஓர் எண் நிற்கும். பார்க்க வசதிதான். ஆனால் இங்கே அலகு ரூபாய். பதினெட்டாயிரம் ரூபாய் என்று சொன்னால் சந்தையில் எவருக்கும் புரியும். கெழு இவ்வளவு என்று சொன்னால் எனக்கும் என் மாணவர்களுக்கும் மட்டும்தான் புரியும்.

இந்தச் சொற்பொழிவில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: இரண்டு எண்களைப் பற்றித் தனித்தனியாக எல்லாம் தெரிந்திருந்தாலும், இரண்டும் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்பது அதிலிருந்து தெரியாது. வரத்து ஒரு நோட்டிலும் விலை இன்னொரு நோட்டிலும் இருந்து, தேதி எழுதாமல் விட்டுவிட்டால், எவ்வளவு பெரிய கணித மேதை வந்தாலும் அந்தப் பதினெட்டாயிரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு எண்ணும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் ஊர் அணைக்கு வருகிறேன். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் பாலாறு-பொருந்தலாறு அணையில் தேங்கி, சண்முகநதி வழியாக அமராவதிக்குப் போகிறது. நமக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. பெரிய பங்கு வடகிழக்கினுடையது. கணக்குக்காக இரண்டையும் சமமாக்கிவிடுவோம். ஒரு பருவம் நன்றாகப் பெய்தால் 1, பொய்த்தால் 0. ஒவ்வொன்றும் பெய்ய வாய்ப்பு சரிபாதி. ஆண்டில் அணைக்கு வரும் தண்ணீர் இரண்டின் கூட்டுத்தொகை.

இந்தத் தகவலை வைத்து மூன்று விதமான ஊர்களைக் கட்டலாம். முதல் ஊரில் ஒரு பருவத்துக்கும் மற்றதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டும் பெய்யும் வாய்ப்பு நாலில் ஒன்று. அதிலிருந்து அரை பெருக்கல் அரையைக் கழித்தால் பூஜ்யம். இரண்டாவது ஊரில் பெய்தால் இரண்டும் பெய்யும், பொய்த்தால் இரண்டும் பொய்க்கும்: அரையிலிருந்து கால் போக, உடன்மாறுபாடு +¼. மூன்றாவது ஊரில் ஒன்று பெய்தால் மற்றது பெய்யாது: இரண்டும் சேர்ந்து பெய்யும் வாய்ப்பே இல்லை, பூஜ்யத்திலிருந்து கால் போக −¼.

மூன்று ஊரிலும் மழைமானியைத் தனித்தனியாகப் படித்தவருக்கு ஒரே விவரம்தான் கிடைக்கும். அணையின் கதை அப்படியில்லை. கூட்டுத்தொகையின் பரவற்படி (விலகல்களின் வர்க்கங்களுடைய சராசரி) என்பது இரண்டு பரவற்படிகளோடு உடன்மாறுபாட்டின் இரு மடங்கைக் கூட்டினால் வருவது. பருவம் ஒவ்வொன்றின் பரவற்படியும் ¼ என்பதால், அணைக்கு வரும் நீரின் பரவற்படி முதல் ஊரில் ½, இரண்டாவதில் 1, மூன்றாவதில் பூஜ்யம். இரண்டாவது ஊரில் அணை ஒரு வருடம் நிரம்பி வழியும், இன்னொரு வருடம் தரை தட்டும். மூன்றாவது ஊரில் ஆண்டுதோறும் ஒரே அளவு தண்ணீர். மதகு திறப்பதில் சண்டையே வராது. (கொஞ்சம் வரும், அது வேறு காரணத்துக்காக.)

உண்மையில் நாம் எந்த ஊரில் இருக்கிறோம்? இதற்கு விடை காண வழி திறந்தவர்களில் முக்கியமானவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், வானிலையில் முன்னனுபவம் இல்லாதவர். 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்து 1924 வரை இருந்தார். 1877, 1899 ஆகிய ஆண்டுகளில் பருவமழை பொய்த்துப் பஞ்சம் தலைவிரித்தாடிய பிறகு, மழையை முன்கூட்டிச் சொல்ல வழியுண்டா என்பதே அரசின் கவலை. காற்று ஏன் அப்படி வீசுகிறது என்ற கேள்வியை வாக்கர் ஒத்திவைத்தார். உலகத்தின் பல மூலைகளிலிருந்து அழுத்தம், மழை, வெப்பம் பற்றிய ஆண்டுவாரிக் குறிப்புகளைத் திரட்டி, இரண்டிரண்டாக எடுத்து ஒட்டுறவு கணக்கிட்டார். கணினி இல்லாத காலம். விலகல் எடுத்து, பெருக்கி, கூட்டி, வகுத்தவர்கள் அவருடைய அலுவலகத்து இந்திய எழுத்தர்கள். நான் ஐந்து நாள் கொய்யாவுக்குச் செய்து காட்டியதைத்தான் அவர்கள் ஆயிரக்கணக்கான வரிகளுக்குச் செய்தார்கள். கட்டுரைகளில் வாக்கர் பெயர் நிற்கிறது.

அந்தப் பெருக்கல்களிலிருந்து எழுந்ததுதான் தெற்கத்திய அலைவு. பசிபிக் கடலில் அழுத்தம் கூடும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது, அங்கே குறையும்போது இங்கே கூடுகிறது: எதிர்க்குறி உடைய ஓர் உடன்மாறுபாடு. 1969-ல் பியர்க்னஸ் என்பவர் இதை, பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவோடு முடிச்சுப் போட்டார். நம் ஊருக்கு இதில் என்ன என்றால், எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவம் இந்தியாவில் பொதுவாகச் சோர்ந்துவிடும். தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமோ பெரும்பாலும் வலுக்கும். 2015-ல் சென்னை மூழ்கியது எல் நினோ ஆண்டில்தான். எங்கோ பசிபிக்கில் சூடாகும் ஒரே கடல், நம் இரண்டு பருவங்களையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கிறது. அந்த அளவுக்கு நாம் மூன்றாவது ஊர்ப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறோம். முழுக்க அல்ல, இரண்டு பருவமும் சேர்ந்து காலை வாரிய ஆண்டுகளை இங்கிருக்கும் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

கணக்கு மழையைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. உத்திரமேரூரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், பொது ஆண்டு 919, 921. குடவோலை முறையைப் பற்றி மேடையில் பெருமை பேசாத தமிழர் இல்லை. அதில் உள்ள நிகழ்தகவைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஊர் குடும்பு என்னும் 30 பகுதிகளாகப் பிரிந்திருந்தது. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதுவார்கள். குடும்புவாரியாகக் கட்டி, மேலே வாயோலை என்னும் அடையாள ஓலை வைத்து, குடத்தில் இடுவார்கள். எதுவும் அறியாத சிறுவன் ஒருவன் ஓர் ஓலைக்கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். எவ்வளவு சந்தேகப் புத்தி இருந்தால் இந்த ஐந்து விரலை விதியில் எழுதியிருப்பார்கள்! எனக்கு அந்த ஊர்ச் சபையின் மேல் மரியாதை வந்தது அந்த வரியில்தான்.

ஒரு குடும்பில் பத்து ஓலை என்று வைத்துக்கொள்வோம். முதல் ஓலைக்காரர் தேர்வானால் 1, இல்லையேல் 0. இரண்டாம் ஓலைக்காரருக்கும் அப்படியே. தேர்வாகும் வாய்ப்பு தலைக்குப் பத்தில் ஒன்று. இருவரும் சேர்ந்து தேர்வாவது நடக்காத காரியம், ஆகவே பெருக்கற்பலனின் சராசரி பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து நூறில் ஒன்று போக, உடன்மாறுபாடு −0.01. ஆட்கள் வேறு வேறு குடும்பைச் சேர்ந்தவர்கள் என்றால்? குலுக்கல் தனித்தனி. இருவரும் தேர்வாகும் வாய்ப்பு நூறில் ஒன்று, கழித்தால் பூஜ்யம்.

ஒரே குடம் என்றால் எதிர்க்குறி, வெவ்வேறு குடம் என்றால் பூஜ்யம். அந்தச் சின்ன −0.01 வீணாக இல்லை. ஒவ்வோர் ஓலையின் பரவற்படி 0.09. பத்துக்கும் கூட்டினால் 0.9. ஒருவரோடு ஒருவர் என்று இரு பக்கமும் எண்ணினால் இணைகள் 90, ஒவ்வொன்றும் −0.01 என்றால் −0.9. கூட்டினால் பூஜ்யம். குடும்புக்கு ஓர் ஆள் கட்டாயம் தேர்வாவார், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்ற விதி, கணக்கில் இப்படித் தன்னை நிறைவேற்றிக்கொள்கிறது.

பள்ளியில் நிகழ்தகவு என்றாலே நாணயத்தையும் பகடையையும் எடுக்கிறோம். இந்தக் குடத்தை எடுத்தால் வரலாற்று ஆசிரியரும் வகுப்புக்குள் வந்து உட்காருவார்.

சி. ஆர். ராவ் அவர்களைச் சொல்லாமல் இந்தப் பொருளைத் தாண்ட எனக்கு மனம் வராது. 1920-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த ஹூவின ஹடகலியில் பிறந்தவர். கல்கத்தாவில் பாடம் நடத்தும்போது வி. எம். தாண்டேகர் என்ற மாணவர் கேட்ட ஒரு கேள்விக்கு விடையாக அமைந்தது, 1945-ல் அச்சான அவருடைய புகழ்பெற்ற சமனிலி. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மதிப்பிட்டாலும் பிழையை ஓர் எல்லைக்குக் கீழே இறக்க முடியாது என்பது அதன் சாரம். நிரூபணத்தின் உயிர்நாடி உடன்மாறுபாடு: எந்த இரண்டு மாறிக்கும் உடன்மாறுபாட்டின் வர்க்கம் இரண்டு பரவற்படிகளின் பெருக்கலைத் தாண்டாது. அந்த ஒற்றை உண்மையை இடம் பார்த்து வைத்ததில்தான் மேதைமை. 2023-ல் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 102. அதே ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார்.

ஓர் எச்சரிக்கை. உடன்மாறுபாடு பூஜ்யம் என்றால் சம்பந்தம் இல்லை என்று பொருளில்லை. மழை குறைந்தாலும் நெல் கெடும், மிகுந்தாலும் நெல் கெடும். மழையின் விலகல் −1, 0, 1 என்று சமவாய்ப்பில் வரட்டும். நட்டம் முறையே 1, 0, 1. பெருக்கினால் −1, 0, 1, சராசரி பூஜ்யம். மழையின் சராசரி விலகலும் பூஜ்யம். உடன்மாறுபாடு பூஜ்யம்! நட்டத்தை முழுக்க முழுக்க நிர்ணயிப்பதோ மழைதான். உடன்மாறுபாடு நேர்கோட்டை மட்டுமே பார்க்கத் தெரிந்த அளவை.

இனி நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்பும் இடத்துக்கு வருகிறேன். ஆயுள் காப்பீடு லாபமாக நடக்கிறது. பயிர்க் காப்பீடு அரசு தோள் கொடுக்காமல் எழுந்து நிற்பதில்லை. ஏன்? விவசாயிகள் பொய்க் கணக்குக் காட்டுகிறார்கள் என்பவர்களும் உண்டு, கம்பெனிகள் ஏமாற்றுகின்றன என்பவர்களும் உண்டு. இரண்டும் ஓரளவு இருக்கட்டும். யாரும் ஏமாற்றாத ஊரிலும் இந்தச் சிக்கல் இருக்கும்.

நூறு விவசாயிகள். ஒவ்வொருவர் நட்டத்தின் பரவற்படியும் 1. ஒருவர் நட்டத்துக்கும் இன்னொருவர் நட்டத்துக்கும் சம்பந்தமே இல்லையென்றால், சராசரி நட்டத்தின் பரவற்படி நூறில் ஒன்று, 0.01. பத்தாயிரம் பேர் சேர்ந்தால் 0.0001. ஆள் கூடக் கூடக் கம்பெனிக்கு நிம்மதி. ஆயுள் காப்பீட்டில் நடப்பது ஏறக்குறைய இதுதான். என் மரணமும் உங்கள் மரணமும் சாதாரண நாட்களில் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. இப்போது எந்த இரண்டு விவசாயிக்கும் இடையே உடன்மாறுபாடு 0.4 என்று வையுங்கள். நூறு பேருக்குப் பரவற்படி 0.01-உடன் 0.99 × 0.4 சேர்ந்து 0.406. பத்தாயிரம் பேருக்கு 0.40006. ஒரு லட்சம் பேரைச் சேர்த்தாலும் 0.4-க்குக் கீழே இறங்காது. தனித்தனி ஆளின் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் கூட்டத்தில் கரைந்துவிடுகின்றன. கரையாமல் அடியில் தங்குவது உடன்மாறுபாடு ஒன்றுதான். ஒரே அணை, ஒரே வானம் என்று இருப்பவர்களை எத்தனை பேர் சேர்த்தாலும் அது போகாது. உள்ளூரில் கைமாற்று கேட்டால் கிடைக்காத வருடமும் எல்லோரும் சேர்ந்து நட்டப்படும் வருடம்தான்: கொடுக்க வேண்டியவர் வயலும் காய்ந்து கிடக்கும்.

மழைக் குறைவையே அளவாக வைத்துக் காப்பீடு செய்யலாம் என்று மைசூரில் ஜே. எஸ். சக்ரவர்த்தி 1920-லேயே ஒரு திட்டத்தைப் புத்தகமாக எழுதினார். அது நடைமுறைக்கு வரவில்லை. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் தொடங்கியது. விவசாயி கட்டுவது காரிஃபுக்கு 2 சதவீதம், ரபிக்கு 1.5, தோட்டப்பயிருக்கும் பணப்பயிருக்கும் அதிகபட்சம் 5. மீதிப் பிரீமியம் அரசுகளுடையது. தொடங்கிய அதே ஆண்டில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவம் 62 சதவீதம் குறைந்தது. ஒரு மாவட்டம் தப்பி, ஒரு மாவட்டம் கெட்டிருந்தால் கணக்கு சமாளித்திருக்கும். எல்லா மாவட்டமும் சேர்ந்து காய்ந்தது. வசூலான பிரீமியத்தைவிட இழப்பீடு மிக அதிகமாகப் போனது. உடன்மாறுபாடு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்த ஆண்டைக் காட்டலாம்.

விவசாயியின் பக்கம் நின்று பார்த்தால் இதே எண் வேறு முகம் காட்டுகிறது. இழப்பீடு பொதுவாக என் வயலைப் பார்த்து வருவதில்லை. பிர்க்கா என்னும் குறுவட்டத்திலோ கிராமத்திலோ சில வயல்களில் அறுவடைச் சோதனை செய்து, சராசரி மகசூல் குறைந்திருந்தால்தான் பணம் வரும். அப்படியானால் எனக்கு அந்தக் காப்பீடு எவ்வளவு பயன்படும் என்பதை நிர்ணயிப்பது பிரீமியத் தொகை மட்டுமல்ல; என் வயலின் மகசூலுக்கும் பிர்க்கா சராசரிக்கும் உள்ள உடன்மாறுபாடு. கம்பெனியை நடுங்க வைக்கும் அதே எண், என்னைக் காப்பாற்றும் எண்ணாகிறது. எல்லோரும் காய்ந்தால் எனக்கும் பணம் வரும். என் வயல் மட்டும் காய்ந்தால் வராது.

மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். ராத்திரி காட்டிலிருந்து யானை இறங்குகிறது. வேலியை மிதித்து, பத்துத் தென்னையைச் சாய்த்து, விடிவதற்குள் மேலே ஏறிவிடுகிறது. அடுத்த தோட்டத்தில் ஓர் ஓலைகூட ஒடியவில்லை. பிர்க்கா சராசரியில் அந்தப் பத்துத் தென்னை தசமப் புள்ளிக்கு அப்பால் எங்கோ இருக்கும். அந்தத் தோட்டக்காரர் மறுநாள் காலையில் போய் நிற்க வேண்டிய வாசல் வனத்துறையினுடையது.